ஜான் பாய்டு ஓர்

பிறப்பு: செப்டம்பர் 23, 1880, கில்மார்ஸ், ஸ்காட்லாந்து
இறப்பு: ஜூன் 25, 1971, பிரெக்கின் அருகே, ஸ்காட்லாந்து
துறை: மருத்துவம், ஊட்டச்சத்து அறிவியல்
அறியப்படுவது: ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் முதல் தலைமை இயக்குநர்
விருது: அமைதிக்கான நோபல் பரிசு (1949)

ஜான் பாய்டு ஓர் (செப்டம்பர் 23, 1880 – ஜூன் 25, 1971) ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மருத்துவர், ஊட்டச்சத்து அறிவியலாளர், அரசியலாளர் ஆவார். ஐக்கிய நாடுகள் அவையின் உணவு வேளாண்மை அமைப்பின் முதல் தலைமை இயக்குநராக 1945 முதல் 1948 வரை பணியாற்றினார். பிரித்தானிய மக்களின் உணவையும் வருமானத்தையும் ஒப்பிட்டு இவர் 1936இல் வெளியிட்ட ஆய்வு, பசிக்கு முதன்மைக் காரணம் அறியாமையன்று, வறுமையே என்பதைப் புள்ளிவிவரங்களுடன் எடுத்துக்காட்டியது. பழமைவாதக் கட்சி, தொழிற்கட்சி ஆகிய இரண்டையும் சேர்ந்த தலைவர்கள் இவரது ஆய்வுகளின் முடிவுகளைத் தத்தம் ஆட்சிக் காலத்தில் நடைமுறைப்படுத்தினர். ஆனால், அதே கொள்கையை உலக அளவில் செயற்படுத்த இவர் முன்வைத்த உலக உணவு வாரியத் திட்டத்தைப் பிரித்தானியாவும் அமெரிக்காவும் ஏற்கவில்லை. இவருக்கு 1949ஆம் ஆண்டின் அமைதிக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இளமையும் கல்வியும்

பாய்டு ஓர், ஸ்காட்லாந்தின் அயர்ஷயர் பகுதியில் கில்மார்ஸ் என்னும் சிற்றூரில் பிறந்தார். இவருடன் பிறந்தவர்கள் அறுவர். தந்தை கற்சுரங்க உரிமையாளர். குடும்பம் சமயப் பற்று மிக்கது. பாய்டு ஓருக்கு ஐந்து வயதானபோது, தந்தையின் தொழிலில் ஏற்பட்ட இழப்பினால் குடும்பம் வெஸ்ட் கில்பிரைடு என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தது. பதின்மூன்றாம் வயதில் உதவித்தொகையுடன் கில்மார்னாக் நகரப் பள்ளியில் சேர்ந்தார். ஆனால் பாடங்களைவிட, அருகிலிருந்த தந்தையின் கற்சுரங்கத் தொழிலாளர்களுடன் பழகுவதிலேயே நாட்டம் கொண்டிருந்ததால் சில மாதங்களிலேயே ஊருக்குத் திருப்பி அழைக்கப்பட்டார். பின்னர் உள்ளூர்ப் பள்ளியில் படித்துக்கொண்டே இளைய மாணவர்களுக்குக் கற்பிக்கும் மாணவ ஆசிரியராகப் பணியாற்றினார்.

பத்தொன்பதாம் வயதில் அரசு உதவித்தொகை பெற்று, கிளாஸ்கோவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலும் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்திலும் பயின்றார். 1902இல் முதுகலைப் பட்டம் பெற்றார். உதவித்தொகையின் விதிப்படி சில ஆண்டுகள் ஆசிரியப் பணி புரிய வேண்டியிருந்தது. கிளாஸ்கோ நகரின் சேரிப் பகுதிப் பள்ளி ஒன்றில் முதலில் பணியமர்த்தப்பட்டார். அங்கு வந்த பிள்ளைகள் பசியுடனும், கிழிந்த உடையுடனும், தலையில் பேன்களுடனும் இருந்தனர். பசித்த பிள்ளைகளுக்குக் கற்பித்துப் பயனில்லை எனக் கருதிய அவர், சில நாள்களிலேயே அப்பணியை விட்டு விலகினார். பின்னர் சால்ட்கோட்ஸ் நகரப் பள்ளியில் மூன்று ஆண்டுகள் கற்பித்தார்.

அதன்பின் மீண்டும் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்து உயிரியலும் மருத்துவமும் பயின்றார். படிப்புச் செலவுக்காக அடமானக் கடனில் குடியிருப்புகளை வாங்கி வாடகைக்கு விட்டார். 1910இல் அறிவியல் பட்டமும், 1912இல் மருத்துவப் பட்டமும் பெற்றார். 1914இல் மருத்துவத்தில் உயர் பட்டம் பெற்றபோது, அவரது ஆய்வேட்டுக்குப் பல்கலைக்கழகத்தின் தங்கப் பதக்கம் வழங்கப்பட்டது. இதற்கிடையே சில மாதங்கள், மேற்கு ஆப்பிரிக்காவுக்குச் செல்லும் வணிகக் கப்பலில் மருத்துவராகவும் பணியாற்றினார்.

ரோவட் ஆய்வு நிறுவனம்

1914 ஏப்ரலில், அபர்தீன் நகரில் தொடங்கப்படவிருந்த விலங்கு ஊட்டச்சத்து ஆய்வு நிறுவனத்தின் பொறுப்பை ஏற்றார். கட்டடத்துக்கென 5,000 பவுண்டு மட்டுமே ஒதுக்கப்பட்டிருந்தது. இது போதாது எனக் கருதிய அவர், 50,000 பவுண்டு மதிப்பிலான புதிய திட்டம் ஒன்றை வரைந்தார். முழுத் தொகையும் கிடைக்காத நிலையில், ஒதுக்கப்பட்ட பணத்தைக் கொண்டு மரக் கட்டடத்துக்குப் பதிலாக, பெரிய கட்டடம் ஒன்றின் முதற் பகுதியாக அமையுமாறு கருங்கற் கட்டடம் எழுப்பத் தொடங்கினார்.

முதலாம் உலகப் போர் மூண்டதால் இப்பணி தடைப்பட்டது. பாய்டு ஓர் படை மருத்துவராகச் சேர்ந்து மேற்குப் போர்முனையில் பணியாற்றினார். சோம், பாசண்டேல் ஆகிய இடங்களில் நடந்த போர்களில் காட்டிய துணிவுக்காக இருமுறை வீரப் பதக்கம் பெற்றார்.

போருக்குப் பின் அபர்தீன் திரும்பிய அவர், நிறுவனத்தை விரிவாக்க நன்கொடை திரட்டினார். வணிகரான ஜான் குயிலர் ரோவட் என்பவர் பெருந்தொகை அளித்தார். விலங்குகளைப் பற்றிய ஆய்வில் கிடைக்கும் முடிவுகள் மனிதரின் ஊட்டத்துக்கும் பயன்படுமெனில், அவ்வழியில் ஆய்வைத் தொடரத் தடை இருக்கக்கூடாது என்பது அவர் விதித்த நிபந்தனை ஆகும். பாய்டு ஓரின் பிற்காலப் பணிகள் அனைத்துக்கும் இந்நிபந்தனையே வழிவகுத்தது. 1922இல் திறக்கப்பட்ட புதிய கட்டடங்களுடன் ரோவட் ஆய்வு நிறுவனம் விரைவில் உலகப் புகழ் பெற்றது. இந்நிறுவனம் 2008இல் அபர்தீன் பல்கலைக்கழகத்துடன் இணைந்தது.

பள்ளிப் பிள்ளைகளுக்குப் பால்

1920களில் பிரித்தானியாவில் பால் உற்பத்தி மிகுந்திருந்தும் ஏழைக் குடும்பங்களால் அதை வாங்க இயலவில்லை. ஸ்காட்லாந்தின் பல நகரங்களில் பள்ளிப் பிள்ளைகளுக்கு நாள்தோறும் பால் வழங்கி, அவர்களின் வளர்ச்சியைப் பால் பெறாத பிள்ளைகளின் வளர்ச்சியுடன் ஒப்பிடும் ஆய்வை 1927இல் பாய்டு ஓர் தொடங்கினார். பால் பெற்ற பிள்ளைகள் உயரத்திலும் எடையிலும் விரைவாக வளர்ந்தது கண்டறியப்பட்டது.

இம்முடிவை அரசின் கொள்கையாக மாற்றுவதற்குப் பழமைவாத அணியைச் சேர்ந்த வால்டர் எலியட் துணை நின்றார். அவர் பாய்டு ஓரின் நெடுநாள் நண்பர்; ரோவட் நிறுவனத்தில் ஆய்வு செய்தவர். எலியட் வேளாண்மை அமைச்சராக இருந்தபோது, 1934இல், பள்ளிகளில் மூன்றில் ஒரு பைண்ட் பால் அரை பென்னி விலைக்கு வழங்கும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. விற்காத பாலுக்குச் சந்தை கிடைத்ததால் உழவர்களும் இத்திட்டத்தை வரவேற்றனர். பின்னர் 1946இல் தொழிற்கட்சி அரசு பள்ளிப் பாலை இலவசமாக்கியது.

உழவரின் நலனையும் பசித்தவரின் நலனையும் ஒன்றாக இணைத்தால் எக்கட்சியும் அதை எளிதில் மறுக்க இயலாது என்பது பாய்டு ஓரின் அணுகுமுறையாக அமைந்தது.

உணவு, உடல்நலம், வருமானம்

1930களின் பொருளாதார மந்தநிலையில் பிரித்தானியாவில் வேலையில்லாதோர் எண்ணிக்கை பெருகியது. ஏழைகளிடையே ஊட்டக்குறைவு காணப்பட்டதற்கு, சரியான உணவைத் தேர்ந்தெடுக்கத் தாய்மார்கள் அறியாமையே காரணம் என்ற கருத்து பரவலாக இருந்தது. இதைச் சோதிக்க, பாய்டு ஓரும் அவருடைய குழுவினரும் 1,152 குடும்பங்களின் உணவுச் செலவுக் கணக்குகளைத் திரட்டி, மக்களை வருமான அடிப்படையில் ஆறு பிரிவுகளாகப் பகுத்து ஆராய்ந்தனர்.

ஆய்வின் முதன்மையான முடிவுகள் வருமாறு:

- மிகக் குறைந்த வருமானப் பிரிவினர் ஆளொருவருக்கு வாரத்துக்கு ஏறத்தாழ 4 ஷில்லிங்கை உணவுக்குச் செலவிட்டனர். மிக உயர்ந்த பிரிவினர் ஏறத்தாழ 14 ஷில்லிங் செலவிட்டனர். இவ்விரு பிரிவுகளிலும் தலா 45 இலட்சம் பேர் இருந்ததாக மதிப்பிடப்பட்டது.
- ரொட்டி, உருளைக்கிழங்கு ஆகியவற்றின் நுகர்வில் பிரிவுகளுக்கிடையே பெரிய வேறுபாடு இல்லை. பால், முட்டை, பழம், காய்கறி, இறைச்சி ஆகியவற்றின் நுகர்வு வருமானத்துடன் சேர்ந்து உயர்ந்தது.
- உடல்நலத்துக்குத் தேவையான எல்லா ஊட்டக்கூறுகளும் நிறைந்த உணவு, மக்கள்தொகையில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு எட்டாததாக இருந்தது.

இந்த ஆய்வு வெளிவருவதை அரசுத் தரப்பு விரும்பவில்லை. நலவாழ்வு அமைச்சர் கிங்ஸ்லி வுட் தம்மை அழைத்து, ஓய்வூதியமும் வேலையின்மைக் காப்பீடும் நடைமுறையில் உள்ள நாட்டில் வறுமை பற்றி ஏன் இவ்வளவு பேச வேண்டும் எனக் கேட்டதாகப் பாய்டு ஓர் தன்வரலாற்று நூலில் குறிப்பிட்டுள்ளார். எனினும் ஆய்வு 1936இல் நூலாக வெளிவந்தது. அதை வெளியிட்ட மாக்மில்லன் நிறுவனத்தின் பங்காளிகளுள் ஒருவரான அரால்டு மாக்மில்லன், அப்போது பழமைவாதக் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார். அவர் பின்னாளில் பிரதமர் ஆனார்.

இந்த ஆய்வின் மீது குறைகளும் கூறப்பட்டன. குடும்பங்களின் எண்ணிக்கை குறைவு. அவை நாடு முழுவதற்கும் பொருந்துமாறு தேர்ந்தெடுக்கப்படவில்லை. பயன்படுத்தப்பட்ட ஊட்ட அளவுகோல் மிக உயர்ந்தது என்பன அவற்றுள் சில. உயிர் வாழப் போதுமான உணவை அன்றி, முழுமையான உடல்நலத்துக்குத் தேவையான உணவையே அளவுகோலாகக் கொள்ள வேண்டும் என்பது பாய்டு ஓரின் நிலைப்பாடு. பின்னர் 1937 முதல் 1939 வரை கார்னெகி அறக்கட்டளையின் உதவியுடன் விரிவான ஆய்வு ஒன்றையும் இவர் மேற்கொண்டார்.

இரண்டாம் உலகப் போரின்போது உணவு அமைச்சராக இருந்த வூல்டன் பிரபு, ஊட்டச்சத்து அறிவியலைப் பங்கீட்டுத் திட்டத்தின் அடிப்படையாகக் கொண்டார். அரசின் உணவுக் கொள்கைக்கான அறிவியற் குழுவில் பாய்டு ஓரும் இடம்பெற்றார். கருவுற்ற பெண்களுக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் 1940 முதல் மலிவாகவோ இலவசமாகவோ பால் வழங்கப்பட்டது. உணவுத் தட்டுப்பாடு நிலவியபோதிலும், போரின் முடிவில் பிரித்தானியாவின் குழந்தை இறப்பு வீதம் போருக்கு முன்பிருந்ததைவிடக் குறைந்திருந்தது.

பன்னாட்டு அரங்கில்

பாய்டு ஓரின் கவனம் பிரித்தானியாவுக்கு வெளியிலும் சென்றது. கென்யாவின் மாசாய், கிக்குயு மக்களின் உணவையும் உடல்நிலையையும் ஒப்பிட்டு, ஜே. எல். கில்க்ஸ் என்பவருடன் இணைந்து 1931இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்.

1935இல் உலக நாடுகள் சங்கத்தில், ஆஸ்திரேலியாவின் முன்னாள் பிரதமர் ஸ்டான்லி புரூஸ் ஒரு கருத்தை முன்வைத்தார். ஒருபுறம் விற்பனையாகாத தானியம் தேங்கிக் கிடக்க, மறுபுறம் மக்கள் பசியால் வாடுவதற்குத் தீர்வாக, வேளாண்மைக் கொள்கையையும் நலவாழ்வுக் கொள்கையையும் இணைக்க வேண்டும் என்பதே அக்கருத்தாகும். அவரது ஆலோசகர் ஃபிராங்க் மெக்டூகலும் பாய்டு ஓரும் இம்முயற்சியில் உடன் உழைத்தனர். இப்பணி போரினால் தடைப்பட்டது.

1943இல் அமெரிக்காவின் ஹாட் ஸ்பிரிங்ஸ் நகரில் 44 நாடுகள் கூடி, உணவுக்கென நிலையான பன்னாட்டு அமைப்பு ஒன்றை நிறுவத் தீர்மானித்தன. பிரித்தானியக் குழுவில் பாய்டு ஓருக்கு இடம் தரப்படவில்லை. 1945 அக்டோபரில் கனடாவின் கியூபெக் நகரில் உணவு வேளாண்மை அமைப்பு தொடங்கப்பட்டபோதும், முழு உறுப்பினராக அன்றி ஆலோசகராகவே சென்றார். புள்ளிவிவரம் திரட்டுவதும் அறிவுரை கூறுவதும் மட்டுமே புதிய அமைப்பின் பணியாக வரையறுக்கப்பட்டதை அவர் குறையாகக் கண்டார். அவ்வாறிருந்தும் மாநாடு அவரையே முதல் தலைமை இயக்குநராகத் தேர்ந்தெடுத்தது.

இதற்குச் சில மாதங்களுக்கு முன், 1945 ஏப்ரலில் நடந்த இடைத்தேர்தலில், ஸ்காட்லாந்துப் பல்கலைக்கழகங்களின் தொகுதியிலிருந்து எக்கட்சியையும் சாராத சுயேச்சை உறுப்பினராக நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார். அவ்வாண்டுப் பொதுத்தேர்தலிலும் வெற்றி பெற்றார். பன்னாட்டுப் பொறுப்பின் காரணமாக 1946இல் உறுப்பினர் பதவியிலிருந்து விலகினார். அதனால் ஏற்பட்ட இடைத்தேர்தலில் அவருடைய நண்பர் வால்டர் எலியட் வெற்றி பெற்றார்.

உலக உணவு வாரியத் திட்டம்

பாய்டு ஓர் பதவியேற்றபோது போரினால் ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் கடும் உணவுத் தட்டுப்பாடு நிலவியது. 1946இல் அவரது முயற்சியால் பன்னாட்டு நெருக்கடிக்கால உணவுக் குழு அமைக்கப்பட்டது. கிடைத்த தானியத்தை நாடுகளுக்கிடையே பகிர்ந்தளிக்கப் பரிந்துரைப்பது இதன் பணியாகும். அதே ஆண்டில் முதலாவது உலக உணவு ஆய்வறிக்கையும் வெளிவந்தது. 70 நாடுகளின் தரவுகளை உள்ளடக்கிய அவ்வறிக்கை, போருக்கு முன்பே உலக மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் நாளொன்றுக்கு 2,250 கலோரிக்கும் குறைவான உணவு கிடைக்கும் நிலையில் வாழ்ந்ததாகக் கூறியது. பசி என்பது போரினால் வந்த தற்காலிகத் துன்பமன்று என்பதை இது உணர்த்தியது.

1946 செப்டம்பரில் கோபன்கேகனில் நடந்த மாநாட்டில், பாய்டு ஓர் உலக உணவு வாரியத் திட்டத்தை முன்வைத்தார். வாரியத்தின் பணிகளாகப் பின்வருவன குறிப்பிடப்பட்டன:

- வேளாண் பொருள்களின் உலகச் சந்தை விலையை நிலைப்படுத்துதல். விலை வரம்புக்குக் கீழே விழும்போது வாரியம் பொருளை வாங்கிச் சேமிக்கும். வரம்புக்கு மேல் ஏறும்போது விற்கும்.
- விளைச்சல் பொய்க்கும் காலத்துக்கென உலக உணவுக் கையிருப்பு ஒன்றைப் பேணுதல்.
- மிகுதியான விளைபொருளைத் தேவை மிக்க நாடுகளுக்குச் சலுகை அடிப்படையில் வழங்க நிதியுதவி செய்தல்.
- ஏழை நாடுகளின் வேளாண், தொழில் வளர்ச்சிக்குக் கடன் வழங்கும் அமைப்புகளுடன் ஒத்துழைத்தல்.

பள்ளிப் பால் திட்டத்தின் அடிப்படைக் கருத்தே உலக அளவுக்கு விரிக்கப்பட்டது எனலாம். உழவருக்கு நிலையான விலையும் பசித்தவருக்கு உணவும் ஒரே ஏற்பாட்டில் கிடைக்கும் என அவர் வாதிட்டார்.

கோபன்கேகனில் திட்டம் கொள்கையளவில் வரவேற்கப்பட்டு, விரிவான ஆய்வுக்காக வாஷிங்டனில் ஸ்டான்லி புரூஸ் தலைமையில் கூடிய ஆயத்தக் குழுவிடம் ஒப்படைக்கப்பட்டது. அங்கு அமெரிக்கா தன் எதிர்ப்பைத் தெரிவித்தது. வணிகத் தடைகளைக் குறைப்பதில் நாட்டம் கொண்டிருந்த அமெரிக்க வெளியுறவுத் துறை, பன்னாட்டு அமைப்பொன்று சந்தையில் வாங்கி விற்பதை விரும்பவில்லை. தன் நிதியை, தன் கட்டுப்பாட்டில் இல்லாத அமைப்பு செலவிடுவதையும் அந்நாட்டு அரசு ஏற்கவில்லை. பிரித்தானியாவில் ஆட்சியிலிருந்த தொழிற்கட்சியும் தயங்கியது. உணவில் பெரும்பகுதியை இறக்குமதி செய்துவந்த, போர்க்கடனில் சிக்கியிருந்த அந்நாடு, உணவு விலை உயருமோ என அஞ்சியது.

1947 ஜனவரியில் வெளிவந்த ஆயத்தக் குழுவின் அறிக்கை, நிதியும் அதிகாரமும் கொண்ட வாரியத்துக்குப் பதிலாக, ஆலோசனை கூறும் மன்றம் ஒன்றைப் பரிந்துரைத்தது. பசித்த நாடுகளின் மக்களுக்கு, முடிவெடுத்த நாடுகளின் தேர்தல்களில் வாக்குரிமை இல்லை. உள்நாட்டில் கட்சிகளை இணங்கவைத்த வாதம் உலக அரங்கில் வெற்றி பெறாமைக்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். பாய்டு ஓர் 1948 ஏப்ரலில் பதவியிலிருந்து விலகினார்.

நோபல் பரிசும் பிற்காலமும்

பசியை ஒழிப்பதன் மூலம் அமைதிக்கு ஆற்றிய பணிக்காக, 1949இல் அமைதிக்கான நோபல் பரிசு இவருக்கு வழங்கப்பட்டது. பரிசுத் தொகையை அமைதி அமைப்புகளுக்கு அளித்தார். அதே ஆண்டில் பிரபு பட்டம் பெற்றுப் பிரபுக்கள் அவையில் இடம்பெற்றார். 1946 முதல் இறக்கும்வரை கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் வேந்தராகவும் இருந்தார். உலக அரசு ஒன்று அமைய வேண்டும் என வலியுறுத்திய இவரது நிலைப்பாட்டை நடைமுறைக்கு ஒவ்வாதது எனப் பலர் கருதினர். பன்னாட்டுப் பதவியிலிருந்து விலகியபின் பல நிறுவனங்களின் இயக்குநராகி, பங்குச் சந்தை முதலீடுகளாலும் பெரும் பொருள் ஈட்டினார்.

1915இல் எலிசபெத் பியர்சன் கேலம் என்பவரை மணந்தார். இவர்களுக்கு இரு மகள்களும் ஒரு மகனும் பிறந்தனர். மகன் இரண்டாம் உலகப் போரில் உயிரிழந்தார். பாய்டு ஓர் 1971 ஜூன் 25 அன்று, தமது 90ஆம் வயதில், பிரெக்கின் அருகிலுள்ள தம் இல்லத்தில் காலமானார்.

தாக்கம்

உலக உணவு வாரியம் அமையாத நிலையில், மிகுதித் தானியம் நாடுகளுக்கிடையேயான தனி ஒப்பந்தங்கள் வழியாக வழங்கப்பட்டது. 1954இல் அமெரிக்கா இயற்றிய பொதுச் சட்டம் 480இன்கீழ் இந்தியா பெருமளவு கோதுமை பெற்றது. 1960களின் நடுவில் இந்தியாவில் வறட்சி நிலவியபோது, அமெரிக்கக் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் கப்பல்களைச் சிறுகச் சிறுகவே அனுப்ப அனுமதித்தார். இந்தியாவின் வேளாண் கொள்கையும் வியட்நாம் போர் பற்றிய நிலைப்பாடும் இதற்குக் காரணங்களாயின. வழங்கும் நாட்டின் விருப்பத்தைச் சாராத பொதுக் கையிருப்பு வேண்டும் எனப் பாய்டு ஓர் கூறியதன் பொருத்தத்தை இந்நிகழ்வு காட்டியது. ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம் 1961இல் தோற்றுவிக்கப்பட்டது. அது 2020இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றது.

வாஷிங்டன் ஆயத்தக் குழுவில் பிரித்தானியாவின் சார்பில் பங்கேற்றவர், தொழிற்கட்சியின் இளம் உறுப்பினர் அரால்டு வில்சன் ஆவார். அவர் 1953இல் உலக வறுமைக்கு எதிரான போராட்டத்தைப் பற்றி நூல் ஒன்று எழுதினார். 1964இல் பிரதமரானதும், வெளிநாட்டு வளர்ச்சிக்கெனத் தனி அமைச்சகம் ஏற்படுத்தி, பார்பரா காசிலை அமைச்சரவைத் தகுதியுடன் அதன் முதல் அமைச்சராக்கினார். கியூபெக் மாநாட்டுக்குத் தலைமை வகித்த கனடாவின் லெஸ்டர் பியர்சன், 1969இல் வெளியிட்ட அறிக்கையில், பணக்கார நாடுகள் தம் தேசிய உற்பத்தியில் 0.7 விழுக்காட்டை அரசு வளர்ச்சி உதவியாக வழங்கப் பரிந்துரைத்தார்.

எனினும் இந்த ஏற்பாடுகள் ஆட்சி மாற்றங்களைச் சார்ந்தே இருந்தன. பிரித்தானியாவின் தனி அமைச்சகம் 1970இல் வெளியுறவுத் துறையுடன் இணைக்கப்பட்டு, 1974இல் பிரிக்கப்பட்டு, 1979இல் மீண்டும் இணைக்கப்பட்டது. 1997இல் மறுபடி உருவான தனித் துறையும் 2020இல் இணைக்கப்பட்டது. 0.7 விழுக்காட்டு இலக்கை 2013இல் எட்டிய அந்நாடு, 2015இல் அதைச் சட்டமாக்கிய பின்னரும், 2021இல் ஒதுக்கீட்டை 0.5 விழுக்காடாகக் குறைத்தது.

தமிழ்நாட்டுடன் தொடர்பு

உணவு வேளாண்மை அமைப்பின் ஊட்டச்சத்துப் பிரிவுக்கு முதல் இயக்குநராகப் பொறுப்பேற்றவர் டபிள்யூ. ஆர். அய்க்ராய்டு ஆவார். இவர் அதற்கு முன் நீலகிரி மாவட்டம் குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தின் இயக்குநராக 1935 முதல் 1945 வரை பணியாற்றியவர். 1943ஆம் ஆண்டின் வங்காளப் பஞ்சத்தை ஆராய்ந்த விசாரணை ஆணையத்திலும் உறுப்பினராக இருந்தார். குன்னூர் ஆய்வுக்கூடம் பின்னர் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டு, தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என வழங்கப்பட்டது.

நூல்கள்

- உணவு, உடல்நலம், வருமானம் (1936)
- போர்க்காலத்தில் மக்களுக்கு உணவளித்தல் (1940, டேவிட் லபக்குடன் இணைந்து)
- வெள்ளை மனிதரின் இக்கட்டு (1953)
- நான் நினைவுகூரும்படி (1966, தன்வரலாறு)

இவற்றையும் பார்க்கவும்

- உணவு வேளாண்மை அமைப்பு
- உலக உணவு நாள்
- அமைதிக்கான நோபல் பரிசு

பகுப்புகள்: 1880 பிறப்புகள் | 1971 இறப்புகள் | அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர்கள் | ஸ்காட்லாந்து மருத்துவர்கள்